இரண்டாம் நாள் உடைந்தவை

அந்த ஸ்பிரிங் தொழிற்சாலையில் அவளுக்கு இரண்டு பெயர்கள். எந்திரக் கூடத்தில் எல்லோருக்கும் அவள் ‘போஸ்ட்மார்ட்டம் அக்கா’. உடைந்து திரும்பி வந்த உருப்படி எதுவானாலும் அவள் மேசைக்குத்தான் வரும். அதை அறுத்து, தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, எதனால் செத்தது என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை. இன்னொரு பெயர் ‘டாக்டரம்மா’. அப்படிக் கூப்பிட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது.

பரிசோதனை அறை சின்னது. வெட்டும் சக்கரம், மெருகேற்றும் மெஷின், கெட்டித்தன்மை அளக்கும் மெஷின், ஒரு நீள மேசை, சுவரை ஒட்டி ஓர் அலமாரி. அலமாரி நிறைய சின்னச் சின்ன டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் உடைந்த துண்டுகள், தேதி எழுதிய சீட்டோடு. முடிந்துபோன கேஸ்களை எல்லாம் தூக்கிப் போடச் சொல்லி எத்தனையோ மேனேஜர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அவள் ஒரு டப்பாவைக்கூடப் போட்டதில்லை.

உடைந்ததைப் பார்த்துக் காரணம் சொல்வது ஏதோ ஜோசியம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவளுக்கு அது முகம் பார்ப்பது மாதிரி. லட்சக்கணக்கான தடவை அமுங்கி நிமிர்ந்து, களைத்துப்போய் உடைந்த ஸ்பிரிங் என்றால், உடைந்த முகத்தில் ஈர மணலில் அலை விட்டுப்போன தடம் மாதிரி வரிவரியாக இருக்கும். அந்த வரிகளைப் பிடித்துக்கொண்டே போனால் ஓரத்தில் ஓர் இடத்தில் கொண்டுபோய் விடும். அங்கே ஒரு கீறலோ, துருப்பிடித்த பொட்டோ, வளைக்கும் கருவி பட்ட தழும்போ இருக்கும். தாங்க முடியாத பாரத்தில் ஒரே இழுப்பில் அறுந்தது என்றால் முகம் மங்கிப்போய், பிய்த்த துணி மாதிரி நாராக இருக்கும். பத்துக்கு ஒன்பதில் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவாள். சொன்னாலும் அன்றைக்கே கையெழுத்துப் போட மாட்டாள். மூன்று நாள் கழித்துத்தான். அந்த அவசரமின்மைக்குக் காரணம் கேட்டவர்களிடம், “வயசாயிடுச்சு, கை மெதுவாத்தான் வருது” என்று சிரித்து மழுப்பிவிடுவாள்.

அவளுக்கு இருபத்தெட்டு வயதில் கை வேகமாகத்தான் வந்தது.

அப்போது அவள் ஜன்னலுக்கு நேர் எதிரே உலைக் கொட்டகை. அங்கே ஓர் உலைக்காரர். எஃகுப் பட்டைகளைச் செக்கச்செவேலென்று காய்ச்சி, எண்ணெய்த் தொட்டியில் முக்கி எடுத்து, மறுபடி மிதமான சூட்டில் வைத்துப் பதப்படுத்துவது அவர் வேலை. முப்பத்தொரு வயது. இடது கைச் சட்டையை மட்டும் முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டிருப்பார்; வலது கையில் சூடு படும் என்பதால் அது மணிக்கட்டு வரை இருக்கும். ஒரு பக்கம் குமாஸ்தா, ஒரு பக்கம் பயில்வான் என்று அவளே ஒருமுறை அவரைக் கேலி செய்திருக்கிறாள். சோதிக்க வேண்டிய துண்டுகளை எடுபிடி ஆள் மூலம் அனுப்பலாம். அவர் அனுப்பவே மாட்டார். தானே கொண்டுவருவார்.

“டாக்டரம்மா, பேஷண்ட் பிழைச்சுக்குமா?”

“செத்த பிறகுதானே என்கிட்ட கொண்டுவரீங்க.”

“அப்ப உயிரோட இருக்கறவன் வந்தா பாக்க மாட்டீங்களா?”

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. ஒரு நாள் காலை, மழை கொட்டிக்கொண்டிருந்தது, அவர் கையில் துண்டு எதுவும் இல்லாமல் வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, “உங்க அப்பாகிட்ட வந்து பேசட்டுமா?” என்றார்.

“எதைப் பத்தி?”

“உலையைப் பத்திப் பேசவா வீடு தேடி வருவேன்?”

அவளுக்குக் காது மடல் சுட்டது. மேசை மேல் இருந்த துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த லென்ஸை மறுபடி துடைத்தாள். “அப்பா அக்கா வீட்டுக்குப் போயிருக்காரு. அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை வாங்க. காலையிலயே வந்துடுங்க. மத்தியானம்னா தூங்கிடுவாரு.”

“எட்டு மணிக்கு வரட்டுமா?”

“எட்டு மணிக்கு வந்தா பால்காரர்னு நெனச்சுடுவாரு. பத்து மணிக்கு வாங்க.”

அவர் மழையில் நனைந்துகொண்டே, குடையை விரிக்க மறந்து, கொட்டகைக்கு நடந்து போனதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

அன்று பிற்பகல் உலையில் வெந்தவை தட்டை ஸ்பிரிங்குகள். விரல் நீளம், லேசான வளைவு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலைப்பக்கத்தை உயர்த்தி நிறுத்தும் கொக்கிக்குள் அவை அமர வேண்டும். உலையிலிருந்து முலாம் பிரிவுக்குப் போய், துத்தநாக முலாம் பூசப்பட்டு, கட்டில் செய்யும் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தன. மூன்று வாரத்தில் ஓர் ஆஸ்பத்திரி வார்டில் கட்டில்களைக் கொண்டுவந்து போட்டார்கள். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள், யாரும் தொடாமலே, ‘டக்’ என்று ஒரு சத்தம். சற்று நேரத்தில் இன்னொரு கட்டிலில் ‘டக்’. மாலைக்குள் எட்டுக் கட்டில்களின் தலைப்பக்கம் சரிந்தது. ஒரு நர்ஸுக்குக் கை விரல் நசுங்கியது. மற்றபடி நல்ல வேளை, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

எட்டுத் துண்டுகளும் ஈரச் சாக்கில் கட்டி, ஒரு வெள்ளிக்கிழமை அவள் மேசைக்கு வந்தன. கட்டில் கம்பெனி ஆள் மேனேஜர் அறையில் உட்கார்ந்திருந்தார். “சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் வேணும்” என்று மேனேஜர் இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அவள் துண்டுகளைக் கழுவி லென்ஸுக்கு அடியில் வைத்தாள். உடைந்த முகம் கல்கண்டைத் தட்டி உடைத்த மாதிரி மணிமணியாக மின்னியது. ஓரத்தில் ஒரு கருஞ்சிவப்புக் கறை. காய்ந்த எஃகை எண்ணெயில் முக்கும்போது பக்குவம் தவறினால் விரிசல் விழும். விரிசலோடு மறுபடி அது சூட்டில் இருக்கும்போது விரிசலின் உள்சுவர் கறுத்துப்போகும். மணிமணியான முறிவு, ஓரத்தில் கறை. பாடப் புத்தகத்தில் படம் போட்ட மாதிரி இருந்தது. முலாம் பூசும்போது நேரக்கூடிய ஒரு கேடும் இதே மாதிரி மணிமணியாகத்தான் உடைக்கும் என்று அவள் படித்திருந்தாள். ஆனால் அந்தக் கேடு கறை விடாது. இங்கே கறை இருக்கிறதே.

‘உலையில் எண்ணெயில் முக்கும்போது ஏற்பட்ட விரிசல்’ என்று எழுதினாள். எழுதும்போது கை நடுங்கவில்லை. அதுதான் பின்னால் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. பார்த்ததை எழுத வேண்டும், வேண்டியவர் வேண்டாதவர் பார்க்கக் கூடாது என்று தன் நேர்மையில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு உலைக்காரர் பரிசோதனை அறைக்கு வந்தார்.

“எட்டும் இப்படித்தானா?”

“எட்டும்தான்.”

அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்தார். “நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்” என்றார். ‘டாக்டரம்மா’ என்று சொல்லவில்லை.

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாள்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. அவள் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு நாற்காலி இரவல் வாங்கிப் போட்டிருந்தாள். அப்பா சலவைச் சட்டையோடு உட்கார்ந்து, ஒரே செய்தித்தாளைத் திருப்பித் திருப்பிப் படித்தார். ஒரு மணிக்கு, “யாரோ வர்றதா சொன்னியேம்மா?” என்றார். “வேலை வந்திருக்கும்பா” என்றாள். அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். நாற்காலிகளைத் தானே தூக்கிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை லாரி டிரைவர் ஒருவர் கையில் ராஜினாமாக் கடிதம் வந்தது. ஊரை விட்டே போய்விட்டார் என்றார்கள்.

அதன் பிறகு அந்தக் கொட்டகையிலிருந்து போன எதுவும் அப்படி உடையவில்லை. “பாத்தியா, ஆள் போனதும் தொல்லையும் போச்சு” என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அதை நம்பினாள். நம்பாமல் இருக்க வழியில்லை. ஆனால் நம்பிக்கை ஒரு பக்கம், ஏக்கம் ஒரு பக்கம். நான்கு மணிக்கு உலைக் கதவு திறக்கும்போது அந்தச் சிவப்பு வெளிச்சம் அவள் மேசை வரை வரும்; வேறு யாரோ இடுக்கியோடு நிற்பார்கள் என்று தெரிந்தும் தலை தானாக நிமிரும். சில வருஷத்தில் பழைய உலையை எடுத்துவிட்டு, மூடிய மின்சார உலை வைத்தார்கள். வெளிச்சம் வருவதும் நின்றது. தலை நிமிர்வது மட்டும் நிற்கவில்லை.

பஸ்ஸில் முன்னால் நிற்கும் ஒருவரின் இடது கைச் சட்டை சுருட்டியிருந்தால், அவள் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போயிருக்கிறாள். எப்போதாவது பார்த்தால் சொல்ல ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தாள். முதலில் அது, ‘நான் பாத்ததைத்தானே எழுதினேன்’ என்று இருந்தது. சில வருஷத்தில், ‘கோபம்னா வந்து திட்டியிருக்கலாமே’ என்று ஆனது. நாற்பது வயதுக்கு மேல் அது, ‘சாப்பிட்டீங்களா’ என்று சுருங்கிவிட்டது. அக்கா வரன் வரனாகக் கொண்டுவந்து பார்த்தாள். அவள் ‘பாக்கலாம்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பதினைந்து வருஷம் ஓட்டினாள். அப்பா போன பிறகு அக்காவும் ஓய்ந்துவிட்டாள்.

அவளுக்கு ஐம்பது நடந்தபோது பழைய கிடங்கை இடிக்க முடிவானது. ஸ்டோர் கீப்பர், வாய் ஓயாத மனிதர், ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார்.

“போஸ்ட்மார்ட்டம் அக்கா, இந்தாங்க, பிறந்ததுல இருந்து வெளிச்சமே பாக்காத பிள்ளைங்க. பரண்ல மூலையில கெடந்துச்சு. பழைய இரும்போட போடவா?”

எண்ணெய்த் தாளில் சுற்றிய பன்னிரண்டு தட்டை ஸ்பிரிங்குகள். முலாம்கூட மங்கவில்லை. மாதிரிக்கு என்று எடுத்து வைத்து, யாரும் கேட்காமல் மறந்துபோனவை. பெட்டி மேல் இருந்த தேதியைப் படித்ததும் அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த மழை நாளின் தேதி.

“என்னக்கா, பேயைப் பாத்த மாதிரி?”

“வெச்சுட்டுப் போங்க” என்றாள்.

அவளுக்கு முதலில் தோன்றியது சந்தேகம் இல்லை. அந்த விரிசலை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற வெறிதான். தன் வாழ்க்கையை இரண்டாகப் பிளந்த விரிசல் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க வேண்டாமா? ஆறு ஸ்பிரிங்குகளை அறுத்து, மெருகேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். முடி அளவு விரிசல்கூட இல்லை. மற்ற ஆறையும் கட்டில் கொக்கியில் இருக்கும் அதே வளைவுக்கு இழுத்துப் பூட்டி மேசை மேல் வைத்தாள். இரண்டு நாள் போயிற்று. ஒரு வாரம் போயிற்று. ஒன்றும் உடையவில்லை.

ஒரே நாளில், ஒரே உலையில், ஒரே தொட்டியில் முக்கியவை. எண்ணெயில் விழுந்த விரிசல் என்றால் இருபத்திரண்டு வருஷம் ஆனாலும் அங்கேயேதான் இருக்கும். விரிசலுக்குக் கால் கிடையாது. தானாக வெளியே போகக்கூடியது ஒன்றே ஒன்றுதான். முலாம் பூசுவதற்கு முன் எஃகை அமிலத் தொட்டியில் முக்குவார்கள். அப்போதும், முலாம் பூசும்போதும், ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும். பூசிய கையோடு சில மணி நேரம் அடுப்பில் வைத்தால் வெளியேறிவிடும். வைக்காமல் ஸ்பிரிங்கை இழுத்துப் பூட்டினால் ஒன்றிரண்டு நாளில், யாரும் தொடாமலே, உள்ளே மணிமணியாகப் பிரித்து உடைத்துவிடும். இழுத்துப் பூட்டாமல் பெட்டியிலேயே கிடந்தால் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பித்துப் போய்விடும்.

அப்படியென்றால் அந்தக் கறை?

அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து அந்த எட்டுத் துண்டுகளின் டப்பாவை எடுத்தாள். லென்ஸுக்கு அடியில் வைத்தாள். உடைந்த முகத்தில் அதே கருஞ்சிவப்புக் கறை. துண்டைத் திருப்பினாள். மறுமுனை, ஆஸ்பத்திரி மெக்கானிக் கொக்கியிலிருந்து எடுப்பதற்காக ரம்பத்தால் அறுத்த முனை. அந்த முனை உலையைப் பார்த்ததே இல்லை. உடைந்த பிறகு அறுத்தது. அங்கேயும் அதே கறை இருந்தது. ஈரச் சாக்கில் வந்த வெறும் துரு. அன்றைக்குத் துண்டைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். திருப்பவில்லை.

ஸ்டோர் கீப்பரைப் பிடித்து முலாம் பிரிவின் பழைய நோட்டுகளைத் தேடச் சொன்னாள். இரண்டு நாள் தும்மித் தும்மித் தேடிக் கொண்டுவந்தார். அந்த வாரத்துப் பக்கத்தில் யாரோ கோணல் எழுத்தில், ‘அடுப்பு ரிப்பேர், ஐந்து நாள்’ என்று எழுதியிருந்தார்கள். அதன் பிறகு அடுப்பு சரியானது. உடைவதும் நின்றது. ஆள் போனதால் இல்லை.

அவள் பரிசோதனை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பகல் பன்னிரண்டு மணிக்கு, வாய்விட்டு அழுதாள்.

புது ரிப்போர்ட்டை எழுதி மேனேஜரிடம் வைத்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அவளைவிடப் பத்து வயது சின்னவர்.

“மேடம், இப்ப எதுக்கு இது? அந்த ஆஸ்பத்திரியையே இடிச்சுட்டு வேற கட்டிட்டாங்க.”

“ஆஸ்பத்திரிக்காக இல்ல சார். ஒருத்தர் பேர் கெட்டுப்போய் ஃபைல்ல இருக்கு. கெடுத்தது நான். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க.”

அவர் போட்டார்.

ராஜினாமாக் கடிதம் கொண்டுவந்த லாரி டிரைவர் இன்னும் இருந்தார், முழங்கால் வலியோடு. அவர் சொன்ன ஊர் பஸ்ஸில் நான்கு மணி நேரம். ஒரு சனிக்கிழமை காலை கிளம்பிப் போனாள். ஊருக்கு வெளியே தண்ணீர் இறைக்கும் நிலையம், பக்கத்திலேயே வீடு. கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்மணி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நீங்க டாக்டரம்மாதானே?” என்றார்.

“உங்களுக்கு எப்படி…?” என்றாள்.

“கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாரு. ஒளிக்கத் தெரியாத மனுஷன். உள்ள வாங்க. பம்ப் ரூம்ல இருக்காரு, கூப்பிடறேன்.”

அவர் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. இரண்டு கைச் சட்டையும் மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருந்தது. அவள் இத்தனை வருஷமாகத் தயார் செய்து வைத்திருந்த எந்த வாக்கியமும் வாய்க்கு வரவில்லை. கவரை மட்டும் நீட்டினாள்.

அவர் நின்றுகொண்டே ஒரு தடவை படித்தார். உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார்.

“அப்ப எண்ணெய்ல தப்பு இல்லையா?”

“இல்லை. உலையில எந்தத் தப்பும் இல்லை. தப்பு முலாம் அடுப்புல. அப்புறம் எங்கிட்ட. உங்களுக்குக் கோபம் இருக்கும்னு தெரியும். அதான் இத்தனை நாள்…”

“கோபமா?” அவர் நிமிர்ந்தார். “யார் சொன்னா கோபம்னு? அன்னைக்குக் காலையில உங்ககிட்ட கேட்டுட்டுப் போனேன். மத்தியானம் அந்த ஸ்பிரிங்கை முக்கும்போது என் நெனப்பு உலையிலயே இல்ல. உங்க அப்பா முன்னாடி எப்படி உக்காரணும், என்ன சொல்லி ஆரம்பிக்கணும்னு ஒத்திகை பாத்துக்கிட்டிருந்தேன். எண்ணெய்ச் சூட்டைப் பாத்தேனா பாக்கலையானே ஞாபகம் இல்ல. உங்க ரிப்போர்ட்டப் படிச்சதும், ஆமா, நம்ம தப்புதான்னு தோணிடுச்சு. நர்ஸுக்கு விரல் போச்சுன்னாங்க. அந்தக் கையோட எப்படி உங்க வீட்டுக்கு வர்றது? அதுக்கப்புறம் உலைப் பக்கமே போகலை. தண்ணி இறைக்கற வேலைதான்.”

அவர் மனைவி டம்ளர்களோடு வந்தவர், நடையிலேயே நின்றுவிட்டார்.

“நான் உங்க மேல கோபப்பட்டதே இல்லை” என்றார் அவர் மறுபடியும். “நீங்கதான் என்னைக் கைகழுவிட்டீங்கன்னு நெனச்சேன்.”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கடிதம் போட்டிருக்கலாம். ஒரே ஒரு கடிதம். இரண்டு பேரில் யாராவது.

டீ ஆறிப்போனது. மனைவி வேறு போட்டுக் கொண்டுவந்தார். பிறகு பேச்சு மெல்ல வேறு பக்கம் திரும்பியது. அவர் மகள் காலேஜில் கணக்கு படிப்பது, பம்ப் மோட்டார் மழைக்காலத்தில் செய்யும் அடம், அவள் அப்பாவின் கடைசி நாட்கள். அப்பா அன்றைக்குச் சட்டை மாற்றிக்கொண்டு காத்திருந்ததைச் சொல்லலாமா என்று நினைத்தாள். சொல்லவில்லை. அவர் கையில் இன்னொரு பாரத்தை எதற்குக் கொடுப்பது?

கிளம்பும்போது மனைவி, “பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வாங்க. தனியா அனுப்பாதீங்க” என்று கணவரிடம் சொன்னார். தானும் வருவதாகச் சொல்லவில்லை. அந்தப் பெண்மணியின் பெருந்தன்மை அவளுக்கு நெஞ்சில் சுருக்கென்று தைத்தது.

பஸ் முக்கால் மணி நேரம் தாமதம். நிழலில் ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. இரண்டு பேரும் நடுவில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டு உட்கார்ந்தார்கள். வெயில் அவர்கள் செருப்பு வரை வந்து நின்றது. ஒருமுறை அவர், “இந்தப் பேப்பரை நானே வெச்சுக்கட்டுமா?” என்று கேட்டார். “உங்களுக்குத்தான்” என்றாள். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, பொத்தானைப் போட்டார். அவருடைய தோள் இறங்கி, மூச்சு நீளமாக வந்ததை அவள் கேட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கேட்ட மிக நல்ல சத்தம் அதுதான். இந்த பஸ் இன்றைக்கு வராமலே போனால் என்ன என்று தோன்றியது. ஐம்பது வயதில் இப்படி ஒரு ஆசையா என்று வெட்கமாகவும் இருந்தது.

பஸ் வந்தது. கூட்டம் இல்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவர் வெளியே நின்று, “பாத்துப் போங்க, டாக்டரம்மா” என்றார்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் எந்த ஊர் என்று இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.